பாலத்துக்கு வடக்கே

(வடசென்னைச் சிறப்புக் கேள்வி-பதில். கேள்விகள் உங்களுடையவை. பதில்கள் தண்டையார்பேட்டையில் தயாரானவை. காரம் கூடுதலாக இருந்தால் தண்ணீர் குடிக்கவும், லாரி வந்திருந்தால்.)

சினிமா ரசிகர், திருச்சி
வடசென்னை என்றாலே கத்தி, கஞ்சா, ரவுடி என்றுதான் படத்தில் காட்டுகிறார்கள். நெருப்பில்லாமல் புகையுமா?

புகையாது. அத்திப்பட்டில் எரிகிறது, வல்லூரில் எரிகிறது. இரண்டும் அனல்மின் நிலையங்கள். நீங்கள் அந்தப் படத்தை ஏ.சி. போட்டுக்கொண்டு பார்த்தீர்களே, அந்தக் கரண்டில் இந்த நெருப்புக்கும் பங்கு உண்டு.

பெயர் வேண்டாம் என்ற வாசகர், அடையாறு
வியாசர்பாடிக்கு இருட்டிய பிறகு வரலாமா?

தாராளமாக. சாயங்காலமே வந்தால் இன்னும் நல்லது, மைதானத்தில் பையன்கள் பந்தாடுவதைப் பார்க்கலாம். குட்டி பிரேசில் என்று இந்தப் பக்கத்துக்குப் பட்டப்பெயரே உண்டு. ஆபத்து என்றால் ஒன்றுதான்: கோல் போஸ்டுக்குப் பின்னால் நிற்காதீர்கள். பெயரைச் சொல்லவே பயப்படுகிறவர் மண்டையில் பந்து பட்டால் எங்களுக்குத்தான் கெட்ட பெயர்.

பத்திரிகை வாசகர், சேலம்
குற்றம் எல்லா ஊரிலும்தான் நடக்கிறது. உங்கள் ஊருக்கு மட்டும் ஏன் இந்தப் பேர்?

நானும் பேப்பர் பார்க்கிறவன்தான். தெற்கே பங்களா தெரு ஒன்றில் அண்ணன் தம்பியைக் குத்தினால் 'சொத்துத் தகராறில் விபரீதம்' என்று எட்டாம் பக்கத்தில் வரும். அதையே புளியந்தோப்பில் செய்தால் முதல் பக்கத்தில், 'வடசென்னையில் பயங்கரம்'. அங்கே குற்றவாளிக்குப் பெயர், வயது, படிப்பு எல்லாம் போடுவார்கள். இங்கே ஏரியா பெயரைப் போட்டால் போதும், மீதியை வாசகரே நிரப்பிக்கொள்வார் என்ற நம்பிக்கை. செய்தி ஆசிரியர்களுக்கு உங்கள் மேல் எவ்வளவு நம்பிக்கை பாருங்கள்.

வழக்கறிஞர், திருவள்ளூர்
2024 ஜூலையில் பெரம்பூரில் ஒரு தேசியக் கட்சியின் மாநிலத் தலைவரையே வெட்டிக் கொன்றார்களே. அதுவும் ஊடகத்தின் கற்பனையா?

இல்லை. ஆம்ஸ்ட்ராங் கொலை நடந்தது. தெருவே அழுதது. அதற்கு முன்னாலும் கும்பல் பகையில் பிள்ளைகள் போயிருக்கிறார்கள். சினிமாக்காரர் அதற்கு டிக்கெட் கிழிக்கிறார், நாங்கள் கருமாதிப் பத்திரிகை அடிக்கிறோம். இதில் மறைக்க எங்களுக்கு ஒன்றுமில்லை.

ரவுடியைக் காட்டாதே என்று இங்கே யாரும் கொடி பிடிக்கவில்லை. அந்த ரவுடிக்குப் பக்கத்து வீட்டில் ஐ.சி.எஃப். ரயில் பெட்டி ஆலைக்கு வேலைக்குப் போகிறவர் இருக்கிறார். எதிர்வீட்டில் நைட் டூட்டி முடிந்து நர்ஸ் அக்கா வருகிறார். மாடியில் டி.என்.பி.எஸ்.சி. படிக்கிற பெண், ரவுடியின் அம்மா போடுகிற சத்தத்தால் தூக்கம் கெட்டு உட்கார்ந்திருக்கிறது. கேமராவைக் கொஞ்சம் அகலமாகத் திறந்தால் இவர்கள் எல்லாரும் ஃபிரேமுக்குள் வருவார்கள். அவர்களுக்கெல்லாம் சம்பளம் கொடுக்கணுமே என்று தயாரிப்பாளர் பயப்படுகிறாரோ என்னவோ.

கல்லூரி மாணவி, கோவை
நீங்கள் ஒத்துக்கொள்கிற வடசென்னைப் படமே கிடையாதா?

இருக்கிறது. 2014இல் வந்த 'மெட்ராஸ்' படத்தில் ஒரு சுவர்தான் வில்லன். ஹவுசிங் போர்டு வாழ்க்கையை உள்ளே இருந்து பார்த்த கண் அதில் தெரியும். 2021இல் வந்த 'சார்பட்டா பரம்பரை', இங்கே குத்துச்சண்டை எவ்வளவு பெரிய மானப் பிரச்சினை என்று சொன்னது. சார்பட்டா, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று இங்கே நிஜமாகவே கட்சி கட்டி மோதினார்கள். முகமது அலியே 1980இல் மெட்ராசுக்கு வந்து கண்காட்சிக் குத்துச்சண்டை ஆடிவிட்டுப் போனார்.

'வட சென்னை' (2018) விஷயம் வேறு. அந்தப் படத்தின் அடிப்படையே, வளர்ச்சி என்ற பேரில் கடலோர மக்களைக் கிளப்பப் பார்ப்பதும் அதை எதிர்ப்பதும்தான். தியேட்டரை விட்டு வெளியே வந்த ஜனம் மட்டும் கத்திச் சண்டையைப் பேசிக்கொண்டு போனது. படத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை, பார்க்கிற கண்ணும் கத்தியைத்தான் தேடுகிறது.

சின்னக் குறை ஒன்று. சார்பட்டா வந்த பிறகு வெளியூர்க்காரர்கள் எல்லாரும் என்னைப் பார்த்து "நீங்களும் பாக்ஸிங் போடுவீங்களா சார்?" என்கிறார்கள். எனக்கு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது.

கேரம் ஆர்வலர், ஈரோடு
படத்தில் வடசென்னை கேரம் கிளப் என்றால் கொலைக்குத் திட்டம் போடும் இடம். நிஜத்தில்?

நிஜத்தில் அங்கே திட்டம் போட்டு உலகக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். வியாசர்பாடி இளவழகி 2008இல் உலக சாம்பியன். புது வண்ணாரப்பேட்டை செரியன் நகர் காசிமா, 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கினார். அப்பா ஆட்டோ ஓட்டுகிறவர். ரெட் காயினைப் போட்டு ஃபாலோவும் போடுகிற பெண்ணை வைத்து ஒரு காட்சி எழுதத் தெரியாமல், காயினை எடுத்து எவன் கண்ணிலோ அடிக்கிற காட்சியை எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

இல்லத்தரசி, அண்ணா நகர்
கொடுங்கையூர் வழியாகப் போனால் கார் கண்ணாடியை ஏற்ற வேண்டியிருக்கிறது. ஊரை இப்படி அசுத்தமாக வைத்துக்கொண்டு ஊடகத்தைக் குறை சொல்வது நியாயமா?

அம்மா, அடுத்த தடவை கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். உங்கள் வீட்டுக் குப்பைப் பை அடையாளம் தெரிந்தாலும் தெரியும். திருவொற்றியூர் முதல் அண்ணா நகர் வரை அள்ளுகிற குப்பை வந்து விழும் இடம் அந்தக் கொடுங்கையூர்க் கிடங்கு. கிட்டத்தட்ட 340 ஏக்கர். எங்கள் ஊரில் நீங்கள் வாங்கிப் போட்டிருக்கிற மிகப் பெரிய மனை அதுதான்.

நிலக்கரிக் கதை இதைவிட ருசியானது. ரொம்ப காலம் சென்னைத் துறைமுகத்தில்தான் நிலக்கரியை இறக்கினார்கள். ராயபுரத்தில் கொடியில் வெள்ளைச் சட்டை காயப்போட்டால் எடுக்கும்போது சாம்பல் சட்டையாக இருக்கும். பக்கத்திலேயே உயர் நீதிமன்றம். 2011இல் உயர் நீதிமன்றம், இனி நிலக்கரியும் இரும்புத் தாதும் இங்கே கையாளக் கூடாது என்று சொல்லிவிட்டது. நாங்களும் கைதட்டினோம். ஆனால் தூசி எங்கே போனது? இன்னும் வடக்கே, எண்ணூர்த் துறைமுகத்துக்கு. சென்னையில் எந்தத் தொல்லைக்கும் தெற்குப் பக்கம் டிக்கெட் கொடுக்க மாட்டார்கள் போலிருக்கிறது.

2017 ஜனவரியில் எண்ணூர்க் கடலில் இரண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டியது. வாளியால் அள்ளினார்கள். டி.வி.க்காரர்கள் வாளியைக் காட்டிச் சிரித்தார்கள். அந்த வாளியைப் பிடித்திருந்த கைகளில் பாதி, மீன் பிடிக்கிற கைகள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. மணலி ஆலைப் பக்கத்திலிருந்து எண்ணெய் வெள்ளத்தோடு கலந்து எண்ணூர்க் கழிமுகம் முழுக்கப் படர்ந்தது. வீட்டுச் சுவரில் இடுப்பளவுக்கு எண்ணெய்க் கோடு. அதைக் கழுவி முடிப்பதற்குள், அதே மாதம் 26ஆம் தேதி ராத்திரி பெரியகுப்பத்தில் உரத் தொழிற்சாலைக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு, வாயில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு, ஜனம் இருட்டில் வீட்டைவிட்டு ஓடியது.

இவ்வளவும் நடந்து முடிந்தபோதும் டி.வி. விவாதத்தின் தலைப்பு என்ன தெரியுமா? வடசென்னையில் போதைப் பழக்கம் அதிகரித்துவிட்டதா என்பதுதான். எங்கள் மூச்சில் என்னென்ன ஏறியிருக்கிறது என்று பட்டியல் போட்டால் கஞ்சா கடைசி வரிசையில் நிற்கும் அம்மா.

அதே இல்லத்தரசி (மறுபடியும் எழுதியிருக்கிறார்)
நான் கேட்டது சுகாதாரம் பற்றி. நீங்கள் என்னையே குற்றவாளி ஆக்கிவிட்டீர்கள்.

இப்போது புரிகிறதா, செய்யாத குற்றத்துக்கு ஏரியா பெயரைச் சொல்லித் திட்டினால் எப்படி இருக்கும் என்று? கோபம் வேண்டாம். குப்பையை ஈரம், உலர்ந்தது என்று பிரித்துக் கொடுங்கள். கொடுங்கையூர்க்காரர்கள் உங்களுக்கு நன்றிக் கடிதம் போடுவார்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், வேலூர்
எங்கள் காலத்தில் வடசென்னை என்றால் பின்னி மில் சங்கு. தொழிலாளர் ஊர் எப்படி ஐயா ரவுடி ஊர் ஆனது?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே ஒதுக்கினேன்.

பெரம்பூரில் பின்னி கம்பெனியின் பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகள். வேலை கடுமை, மேஸ்திரி அதைவிடக் கடுமை, மத்தியானம் சோற்றை மெல்லக்கூட நேரம் பத்தாது. இதையெல்லாம் தொழிலாளிகள் யாரிடம் புலம்பினார்கள்? அந்த வட்டாரத்துச் சிறு வியாபாரிகளான செல்வபதி செட்டியாரிடமும் ராமானுஜுலு நாயுடுவிடமும். அவர்கள் பி.பி. வாடியாவை அழைத்து வந்தார்கள். திரு.வி.க. கூட நின்றார். 1918 ஏப்ரல் 27ஆம் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கங்களில் அது ஒன்று. கம்பெனி சும்மா இருக்குமா? உயர் நீதிமன்றத்துக்குப் போய்ச் சங்கத் தலைவர்கள் மேல் தடை உத்தரவு வாங்கியது, நஷ்டஈடும் கேட்டது. சங்கம் வைப்பதே சட்டப்படி குற்றமாகிவிடும் போலிருக்கிறதே என்று நாடு முழுக்கப் பேச்சு எழுந்தது. அதன் தொடர்ச்சியாக 1926இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. இன்று இந்தியாவில் எந்த மூலையில் சங்கம் பதிவு செய்தாலும், அதற்குப் பின்னால் பெரம்பூர்க்காரனின் பட்டினி இருக்கிறது.

எல்லாம் வீரக்கதை என்றும் சொல்லமாட்டேன். 1921 வேலைநிறுத்தம் சாதியால் இரண்டாக உடைந்தது. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, உயிர்கள் போயின. அந்தக் காயத்தை இன்றைக்கும் சங்க வரலாறு எழுதுகிறவர்கள் தாண்டிக் குதித்துப் போகிறார்கள்.

பிறகு தொண்ணூறுகளில் மில்லுக்கு மூடுவிழா. ஆயிரக்கணக்கான குடும்பத்தில் ஒரே சமயத்தில் அடுப்பு அணைந்தால் அந்தத் தெருக்களுக்கு என்ன ஆகும் என்று யாரும் படம் எடுக்கவில்லை. ஆனால் மில்லுக்குள் படம் எடுத்தார்கள்! பெரிய பெரிய கொட்டகை, உடைந்த கண்ணாடி, துருப்பிடித்த தூண். சண்டைக் காட்சிக்கு இதைவிடத் தோதான இடம் கோடம்பாக்கத்துக்குக் கிடைக்குமா? அப்பன் தறி ஓட்டிய இடத்தில் மகன் துணை நடிகனாகப் போய், லுங்கி கட்டி, கத்தியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, ஹீரோவிடம் ஒரே உதையில் விழுந்தான். ஐயா, தொழிலாளர் ஊர் ரவுடி ஊர் ஆன கதை இதுதான். நாள் சம்பளம் கொடுத்தே ஆக்கினார்கள்.

பைக் பிரியர், புதுச்சேரி
ஹீரோ புல்லட்டில் வடசென்னைக்குள் நுழைந்து ரவுடிகளைப் பந்தாடும் காட்சி எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

எங்களுக்கும் பிடிக்கும். அந்த வண்டிக்கு அது தாய்வீடு. இந்தியாவில் புல்லட் தயாராக ஆரம்பித்த தொழிற்சாலை திருவொற்றியூரில்தான் இருக்கிறது. ஹீரோ வந்து இறங்குகிற வண்டியைச் செய்தவனையே ஹீரோ உதைக்கிறார்.

கிரிக்கெட் ரசிகர், தூத்துக்குடி
சச்சினுக்கும் வடசென்னைக்கும் சம்பந்தம் உண்டு என்று நண்பன் சவால் விடுகிறான். உண்மையா?

உண்மை. சச்சின் பேட்டில் ஒட்டியிருந்த மூன்று எழுத்து நினைவிருக்கிறதா? எம்.ஆர்.எஃப். அந்தக் கம்பெனி 1946இல் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்கிற சின்னக் கொட்டகையாகத்தான் தொடங்கியது. நண்பருக்கு டீ வாங்கிக் கொடுங்கள்.

ரயில் பயணி, கோவை
வந்தே பாரத்தில் வந்தேன். பேசின் பிரிட்ஜ் வந்ததும் பக்கத்து சீட்காரர் 'செல்போன் பத்திரம், வடசென்னை' என்றார்!

அவர் உட்கார்ந்திருந்த ரயில் வகையை 2018இல் முதன்முதலாகச் செய்து ஓடவிட்டது பெரம்பூர் ஐ.சி.எஃப். இன்னும் கொஞ்சம் பின்னால் போனால், தென்னிந்தியாவின் முதல் பயணி ரயிலே 1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குத்தான் கிளம்பியது. அந்த ஸ்டேஷன் கட்டடம் இன்னும் நிற்கிறது. ரயிலைக் கற்றுக்கொடுத்தவனிடமே செல்போன் பத்திரம் என்கிறார். செல்போன் எங்கேயும் பத்திரம்தான் சார், கோவையிலும்.

தமிழாசிரியை, தஞ்சாவூர்
சென்னைத் தமிழைக் கேட்டாலே காது கூசுகிறது. உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு நல்ல தமிழ் சொல்லித்தரக் கூடாதா?

டீச்சர், உங்கள் காது கூசியது தியேட்டரில். அங்கே அந்தத் தமிழைப் பேசுகிறவன் ஒன்று திருடன், இல்லை குடிகாரன், இல்லை காமெடியன். நீதிபதி பேசமாட்டார், டாக்டர் பேசமாட்டார், கதாநாயகியின் அம்மா பேசவே மாட்டார். நாற்பது வருஷம் இப்படிக் கேட்டால் எந்த ஊர்ப் பேச்சும் திருட்டுப் பேச்சாகத்தான் படும். தஞ்சாவூர்த் தமிழை ஒரு பத்துப் படத்துக்கு வில்லனுக்கு மட்டும் கொடுத்துப் பார்ப்போமா? பதினோராவது படத்தில் நீங்களே "இன்னாமே" என்பீர்கள்.

இசை விமர்சகர், மயிலாப்பூர்
கானா என்பது குடித்துவிட்டுப் பாடுவதுதானே?

சபாக்களின் கேன்டீனைப் பார்த்துவிட்டு, கச்சேரி என்பது அடை அவியல்தானே என்று நான் கேட்டால் சும்மா இருப்பீர்களா? சாவு வீட்டில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து, போனவரின் வாழ்க்கையைப் பாட்டாகக் கட்டி, அழுகிறவர்களைச் சிரிக்கவும் சிரிக்கிறவர்களை அழவும் வைக்கிறவர் கானாக்காரர். ஆண்களே நிறைந்திருந்த அந்த மேடையில் ஏறிய இசைவாணியை, பி.பி.சி. 2020இல் உலகின் நூறு பெண்கள் பட்டியலில் சேர்த்தது.

உங்கள் வழிக்கே வருகிறேன். தியாகராஜர் திருவொற்றியூருக்கு வந்து திரிபுரசுந்தரி மேல் கீர்த்தனைகள் பாடிவிட்டுப் போனார். அவர் சீடர் வீணை குப்பையரும் அந்த ஊரோடு சம்பந்தப்பட்டவர். 2017இல் டி.எம். கிருஷ்ணா புறம்போக்கு பற்றிப் பாடிய பாட்டைப் படம் பிடித்ததும் எண்ணூரில்தான், சாம்பலுக்கு நடுவே முகமூடி மாட்டிக்கொண்டு. மயிலாப்பூருக்கும் எங்களுக்கும் பாட்டு வழியாகத் தடம் இருக்கிறது. நடக்கத்தான் ஆளைக் காணோம்.

பெண்ணைப் பெற்றவர், காஞ்சிபுரம்
பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு வரன். பையன் நல்ல வேலை. ஏரியாதான் யோசனையாக இருக்கிறது.

கல்யாணம் நிச்சயமானதும் எங்கே ஜவுளி எடுப்பதாக உத்தேசம்? விலை சகாயம் என்று பாதித் தமிழ்நாடு பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடுக்குத்தான் வருகிறது. முகூர்த்தப் புடவைக்கு ஆகிற ஏரியா மாப்பிள்ளைக்கு ஆகாதா? பையனைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். எங்கள் தெருக்களில் ஒருவனைப் பற்றி விசாரித்தால் அவன் மூன்றாம் வகுப்பில் வாங்கிய மார்க் வரைக்கும் சொல்வார்கள். அடுக்குமாடி வளாகத்தில் எதிர் பிளாட்டில் யார் என்றே தெரியாது.

தி.நகர் வாசகர்
எல்லாம் சரி, எங்கள் ஏரியா அளவுக்கு ஒரு கெத்து உங்களுக்கு உண்டா?

உங்கள் ஏரியாவின் பெயரே எங்கள் ஆளுடையது. பிட்டி தியாகராயர் பள்ளி தொடங்கியது வண்ணாரப்பேட்டையில். அவர் பெயரில் கல்லூரியும் இங்கேதான். பெயரைத் திருப்பிக் கேட்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை, வைத்துக்கொள்ளுங்கள்.

சந்தேகவாதி, நாகர்கோவில்
ஒரே ஒரு நல்ல மனிதர் பெயர் சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

ஒன்று போதுமா? டாக்டர் ஜெயச்சந்திரன், பழைய வண்ணாரப்பேட்டை. இரண்டு ரூபாய்க்கு வைத்தியம் பார்க்க ஆரம்பித்து, பல வருஷம் கழித்து அஞ்சு ரூபாய்க்கு 'விலையேற்றியவர்'. 2018 டிசம்பரில் அவர் போனபோது தெருவே கூடிவிட்டது. அவரைப் பற்றிச் சொல்லும்போதும் செய்தியில் எப்படிச் சொன்னார்கள் தெரியுமா? வடசென்னையில் *கூட* இப்படி ஒருவர் இருந்தாராம்.

மருத்துவ மாணவர், செங்கல்பட்டு
வெட்டுக்காயத்தில் ஸ்டான்லி டாக்டர்களை மிஞ்ச ஆளில்லை என்று எங்கள் விடுதியில் ஜோக் அடிப்பார்கள்.

ஜோக் பாதிதான் சரி. கை அறுவைச் சிகிச்சையில் நாடறிந்த துறை ஸ்டான்லியில் இருக்கிறது. டாக்டர் ஆர். வெங்கடசாமி வளர்த்துவிட்டது. அறுபட்ட விரலை, நரம்பை நரம்போடு சேர்த்து ஒட்டவைக்கிற வித்தை. சுற்றிலும் பிரஸ், லேத், தறி, கிரேன் என்று கையை மென்று துப்புகிற இயந்திரங்கள் எத்தனை இருக்கின்றன என்று ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள், அந்த வார்டின் அர்த்தம் விளங்கும். கையை வெட்டுகிற காட்சிக்கு நூறு படம் இருக்கிறது. மணிக்கணக்காக மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து ஒரு கூலிக்காரரின் கட்டைவிரலைக் காப்பாற்றுகிற காட்சி எந்தப் படத்தில் இருக்கிறது? நீங்கள் டாக்டரானதும் எங்கள் பக்கம் ஒரு வருஷம் வேலை பாருங்கள். ஜோக்கை மாற்றி எழுதுவீர்கள்.

இளைஞர், வியாசர்பாடி
அண்ணே, இன்டர்வியூவில் எங்க இருக்கேன்னு கேட்டால் 'பெரம்பூர் பக்கம்'னு சொல்லிடறேன். நண்பர்கள் கிண்டல் பண்றாங்க. தப்பா?

தப்பே இல்லை தம்பி. உன் சர்டிபிகேட்டைப் பார்க்க வேண்டியவர் உன் தெருவைப் பார்க்கிறார் என்றால் வெட்கப்பட வேண்டியவர் அவர். உனக்கு முன்னால் உன் அப்பாவும் இதே 'பக்கம்' போட்டிருப்பார். கிரெடிட் கார்டு கேட்டால் பின்கோடைப் பார்த்ததும் போன் எடுக்கமாட்டார்கள், கடன் கேட்டால் இந்த ஏரியாவுக்கு இல்லை என்பார்கள் என்று இங்கே வீட்டுக்கு வீடு புலம்பல் உண்டு. ஊர்மானத்தை உன் ஒருத்தன் தலையில் ஏற்றி, முதல் சம்பளத்துக்கு முன்னாலேயே உன்னைப் போராளி ஆக்க எனக்கு இஷ்டமில்லை. கிண்டல் பண்ணுகிற நண்பர்கள் உன் வீட்டு வாடகையைக் கட்டுகிறார்களா?

வேலையை வாங்கு. ஆர்டர் கைக்கு வரட்டும். அதற்கப்புறம் ஆபீஸ் பாரத்தில் 600039 என்று கொட்டை எழுத்தில் எழுது.

யூடியூபர், வேளச்சேரி
'யாரும் போகாத காசிமேடு, வெள்ளந்தி மக்கள்' என்று நல்லவிதமாகத்தான் வீடியோ போட்டேன். அதற்கும் கமென்டில் திட்டுகிறார்கள்!

யாரும் போகாத அந்தக் காசிமேட்டில் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை கால் வைக்க இடமிருந்ததா உங்களுக்கு? வெள்ளந்தி விஷயத்தில் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். ஏலத்தில் நிற்கிற அக்காவிடம் வஞ்சிரத்துக்கு விலை பேசிப் பாருங்கள். உங்கள் வேளச்சேரி பிளாட்டைப் பத்திரத்தோடு எழுதிக்கொடுத்துவிட்டு, நல்ல வியாபாரம் என்று சந்தோஷமாகத் திரும்புவீர்கள். புகழ்கிறதாக இருந்தாலும் ஆளைப் பார்த்துப் புகழுங்கள் தம்பி.

சுற்றுலாப் பிரியர், ஓசூர்
ஒருநாள் வந்தால் என்ன பார்க்கலாம்?

ராயபுரத்தில் பார்சிகளின் தீக்கோயில், தமிழ்நாட்டில் அது ஒன்றுதான் (உள்ளே விடமாட்டார்கள், வெளியே நின்று பாருங்கள்). 1949இல் கொட்டுகிற மழையில் தி.மு.க.வின் தொடக்கப் பொதுக்கூட்டம் நடந்த ராபின்சன் பூங்கா. ஏழுகிணற்றில் வள்ளலார் பல ஆண்டு வாழ்ந்த வீடு. அங்கிருந்து அவர் வணங்கப் போன திருவொற்றியூர்க் கோயில், கடற்கரையில் பட்டினத்தார் சமாதி. திரும்பும்போது பர்மா பஜார் பக்கம் அத்தோ சாப்பிடுங்கள். பர்மாவிலிருந்து கையில் ஒன்றுமில்லாமல் திரும்பிவந்தவர்கள் கொண்டுவந்த ருசி அது. ஒரே நாளில் முடியாது. ராத்திரி தங்குங்கள். அடையாறு வாசகரையும் கூட்டிவாருங்கள்.

வாடகைதாரர், திருவொற்றியூர்
மெட்ரோ வந்ததும் நம் ஏரியாவின் மதிப்பு கூடிவிட்டதா?

தெற்கே 2015இல் ஓடிய மெட்ரோ, விம்கோ நகருக்கு 2021 பிப்ரவரியில் வந்து சேர்ந்தது. ஆடி அசைந்து வந்தாலும் வந்துவிட்டது. மதிப்பு கூடியதா என்பதை உங்கள் வீட்டுக்காரரைக் கேளுங்கள். வடசென்னை மோசமான ஏரியா என்று டி.வி.யில் எவ்வளவு சொன்னாலும், வாடகை ஏற்றுகிற மாதம் மட்டும் அவர் அதை நம்புவதே இல்லை.

உதவி இயக்குநர், வளசரவாக்கம்
சார், வடசென்னையில் நடக்கும் கதை ஒன்று பண்ணுகிறேன். கத்தியே இல்லாமல் எப்படி விறுவிறுப்பு கொண்டுவருவது?

துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவனை ஹீரோவாகப் போடுங்கள். அத்தனை உயரத்தில் தனியாக உட்கார்ந்து, டன் கணக்கில் இரும்பை ஒற்றை விரலில் நகர்த்துகிறவன். ஹீரோயின் லேப் டெக்னீஷியன். ஊரில் பாதிப்பேருக்கு மூச்சிரைப்பு எவ்வளவு என்று அவளுக்குத் தெரியும், வெளியே சொன்னால் வேலை போகும். இடைவேளையில் நள்ளிரவு, வாடை வருகிறது, எங்கிருந்து என்று யாருக்கும் தெரியவில்லை, மைக்கில் ஒருத்தன் ஓடுங்கள் என்கிறான். பாட்டியைத் தூக்குவதா, அடமானத்திலிருந்து அன்றைக்குத்தான் மீட்ட வலையைத் தூக்குவதா? இதற்கு மேல் விறுவிறுப்பு வேண்டுமென்றால் தண்ணீர் லாரி வரிசையில் ஒரு குடத்தை இடம் மாற்றி வையுங்கள். கத்தி தேவைப்படாது, பிளாஸ்டிக் குடமே போதும்.

குறும்பர், மாதவரம்
மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்கள், உங்களுக்கு நேரில் ஒரு ரவுடியைக்கூடத் தெரியாதா?

ஒரு கூட்டத்தையே தெரியும். போன மாதம் எங்கள் தெருவை இரண்டு பக்கமும் மறித்துக்கொண்டு நின்றார்கள். முகத்தில் தழும்பு, கழுத்தில் சங்கிலி, கையில் வீச்சரிவாள். பால்காரரை உள்ளே விடவில்லை, என் ஸ்கூட்டரை வெளியே விடவில்லை. எதிர்த்துக் கேட்ட பாட்டியை அதட்டி உட்காரவைத்தார்கள். கடைசியில் ஒருவர் என்னிடம் வந்து ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: "ஷாட் முடிஞ்சதும் போயிடலாம் சார். பின்னாடி நில்லுங்க, நீங்க ஃபிரேம்ல வர்றீங்க. சட்டை ரொம்ப நீட்டா இருக்கு, வடசென்னை மாதிரியே தெரியல."